சட்டத்தில் எழுதப்படாத அதிகாரம்: சிகரெட் வழக்கிலிருந்து கல்விக்கடன் வழக்கு வரை

அமெரிக்காவில் புகையிலைக் கட்டுப்பாடும் கல்விக்கடன் நிவாரணமும் வெவ்வேறு துறைகளின் கீழ், வெவ்வேறு சட்டங்களின்படி நடப்பவை. ஒன்றைப் பற்றிப் பேசுபவர் மற்றொன்றை நினைத்துப் பார்ப்பது அரிது. ஆயினும், அதிபர் ஜோ பைடனின் கல்விக்கடன் தள்ளுபடித் திட்டத்தை 2023 ஜூன் 30 அன்று 6-க்கு 3 என்ற கணக்கில் ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நிதானமாகப் படித்தால், அதன் அடித்தளத்தில் 2000-ஆம் ஆண்டின் சிகரெட் வழக்கு ஒன்று இருப்பது தெரியும். நிர்வாகம் எடுத்த நடவடிக்கையின் பொருளாதார, அரசியல் முக்கியத்துவத்தை அளந்து பார்த்து, அது மிகப் பெரிதாக இருந்தால் சட்டத்தில் அதற்கான தெளிவான அனுமதி இருக்கிறதா என்று கேட்கும் முறை அந்தச் சிகரெட் வழக்கில்தான் உருவானது. சட்ட வட்டாரங்களில் இதைப் ‘பெருங்கேள்விகள் கோட்பாடு’ என்கிறார்கள்.

இந்தக் கோட்பாட்டில் எனக்குள்ள கவலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீங்கு பெரிதாக இருந்தால் அதற்கான பரிகாரமும் பெரிதாகத்தான் இருக்க முடியும். பரிகாரத்தின் அளவே அதிகாரத்தைச் சந்தேகிக்கக் காரணமாகும்போது, மிகப் பெரிய தீங்குகளின் முன்தான் அரசு கைகட்டி நிற்க வேண்டியதாகிறது. அதே வேளையில், நாடாளுமன்றம் கொடுக்காத அதிகாரத்தைப் பழைய சட்டம் ஒன்றின் சந்துபொந்துகளில் தேடி எடுத்து அதன்மேல் கோடிக்கணக்கான மக்களின் நம்பிக்கையைக் கட்டுவதும் சரியல்ல என்பதை இவ்விரு வழக்குகளும் காட்டுகின்றன. எந்தத் தரப்பையும் முழுமையாக ஆதரிக்க முடியாத நிலையில்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

1996: எஃப்.டி.ஏ. விதிகள்

எஃப்.டி.ஏ. எனப்படும் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பல பத்தாண்டுகளாகத் தனக்குச் சிகரெட்டின்மேல் அதிகாரம் இல்லை என்றே சொல்லிவந்தது. நோயைக் குணப்படுத்தும் என்று உற்பத்தியாளர் உரிமை கோரினாலன்றிச் சிகரெட் மருந்தாகாது என்பது அதன் நிலைப்பாடு. டேவிட் கெஸ்லர் ஆணையராக இருந்த காலத்தில் இந்த நிலைப்பாடு மாறியது. நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள் என்பதும், நிறுவனங்கள் அதை அறிந்தே சிகரெட்டுகளை வடிவமைத்தன என்பதும் உள் ஆவணங்கள் வழியாக வெளிவரத் தொடங்கியிருந்தன. 1994 ஏப்ரல் 14 அன்று பிரதிநிதிகள் சபையின் துணைக்குழுவின் முன், ஹென்றி வாக்ஸ்மனின் தலைமையில் நடந்த விசாரணையில், ஏழு பெரிய புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் வரிசையாக நின்று கையுயர்த்தி உறுதிமொழி எடுத்தபின், நிகோடின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்று ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள்.

1938-ஆம் ஆண்டின் உணவு, மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டம், உடலின் அமைப்பையோ செயல்பாட்டையோ பாதிக்கும் நோக்கம் கொண்ட, உணவல்லாத பொருளையும் மருந்து என்றே வரையறுக்கிறது. நிகோடின் இந்த வரையறைக்குள் வரும் ஒரு மருந்து, சிகரெட்டும் மெல்லும் புகையிலையும் அதை உடலுக்குள் செலுத்தும் சாதனங்கள் என்பது எஃப்.டி.ஏ.யின் வாதம். 1995 ஆகஸ்டில் முன்வரைவு வெளியாகி, 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தபின், 1996 ஆகஸ்டில் இறுதி விதிகள் வந்தன.

அவை சிகரெட்டைத் தடை செய்யவில்லை. பெரியவர்களாகப் புகைப்பவர்களில் பெரும்பாலோர் 18 வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள் என்ற உண்மையை முன்வைத்து, அந்த வாசலை மட்டும் அடைக்கப் பார்த்தன. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது. வாங்க வருபவர் 27 வயதுக்குக் குறைந்தவரானால் கடைக்காரர் புகைப்பட அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாக வேண்டும். பெரியவர்கள் மட்டும் நுழையும் இடங்களைத் தவிர வேறெங்கும் தானியங்கி விற்பனை இயந்திரம் இருக்கக் கூடாது. பள்ளிகளையும் விளையாட்டு மைதானங்களையும் சுற்றி 1,000 அடிக்குள் வெளிப்புற விளம்பரம் கூடாது. சிறுவர்கள் பார்க்கக்கூடிய விளம்பரங்களில் படமின்றிக் கறுப்பு வெள்ளை எழுத்து மட்டுமே இருக்கலாம். அடையாள அட்டைக்கான வயது 27 என்று வைக்கப்பட்டதில் ஒரு நடைமுறை அறிவு உண்டு. பதினாறு வயதுப் பையனைப் பார்த்து அவனுக்கு எத்தனை வயது என்று கடைக்காரர் ஊகிக்க வேண்டியதில்லை. இளைஞராகத் தெரியும் எவரிடமும் அட்டையைக் கேட்டுவிடலாம். ஊகத்துக்கு இடம் வைத்தால் விற்பனையே வெல்லும் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. வட கரோலினாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 1997-இல் எஃப்.டி.ஏ.க்கு அதிகாரம் உண்டு, ஆனால் விளம்பரக் கட்டுப்பாடுகள் செல்லாது என்றது. வயது, அடையாள அட்டை விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1998-இல் நான்காவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லாவற்றையுமே செல்லாததாக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

2000 மார்ச் 21

‘எஃப்.டி.ஏ. எதிர் பிரவுன் அண்ட் வில்லியம்சன்’ வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில் நிறுவனங்கள் வென்றன. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர், ஆண்டுக்கு 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் புகையிலை கொல்கிறது என்ற எஃப்.டி.ஏ.யின் கணக்கை மறுக்கவில்லை. நாட்டின் பொதுச் சுகாதாரத்துக்கு உள்ள மிகப் பெரிய ஒற்றை அச்சுறுத்தல் புகையிலையாகவே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகும், அதைத் தடுக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இந்த அமைப்புக்குக் கொடுக்கவில்லை என்றார்.

அவர் முன்வைத்த காரணங்களில் முதலாவது வலுவானது. மருந்துச் சட்டத்தின்படி பாதுகாப்பற்றது என்று முடிவான பொருள் சந்தையில் இருக்க முடியாது. சிகரெட் ஆபத்தானது என்று எஃப்.டி.ஏ.யே நிறுவிவிட்ட நிலையில், அதே சட்டத்தின்கீழ் அதை விற்க அனுமதித்து விளம்பரத்தை மட்டும் கட்டுப்படுத்துவது எப்படிப் பொருந்தும்? திடீர்த் தடை அடிமையானவர்களுக்குக் கேடு செய்யும், கள்ளச்சந்தையை வளர்க்கும் என்ற எஃப்.டி.ஏ.யின் பதில் நடைமுறைக்குச் சரி. சட்டத்தின் சொற்களுக்குள் அதை அடக்குவது கடினம். இரண்டாவதாக, 1965 முதல் காங்கிரஸ் புகையிலைக்கென்றே ஆறு தனிச் சட்டங்கள் இயற்றியிருந்தது. எச்சரிக்கை வாசகம், வானொலி தொலைக்காட்சி விளம்பரத் தடை என்று படிப்படியாகச் சென்ற அவற்றில் எதுவும் எஃப்.டி.ஏ.க்கு அதிகாரம் தரவில்லை. தரும்படி கொண்டுவரப்பட்ட மசோதாக்களும் நிறைவேறவில்லை.

மூன்றாவது காரணம்தான் பிற்காலத்தில் கிளை பரப்பியது. நாட்டின் பொருளாதாரத்தில் இவ்வளவு பெரிய பங்குள்ள ஒரு தொழிலைப் பற்றிய முடிவை, இவ்வளவு மறைபொருளான சொற்களில் ஒரு நிர்வாக அமைப்பிடம் காங்கிரஸ் விட்டிருக்காது என்றார் ஓ’கானர். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரையர், சட்டத்தின் நேரடிச் சொற்களும் பொதுச் சுகாதாரத்தைக் காப்பது என்ற அதன் அடிப்படை நோக்கமும் எஃப்.டி.ஏ.யின் பக்கமே இருப்பதாகச் சொன்னார். அவரோடு மூவர் சேர்ந்தனர். ஒரே ஒரு வாக்கு வித்தியாசம்.

இழந்த ஆண்டுகள்

தீர்ப்பு வந்ததும் 27 வயது அடையாள அட்டை விதி உட்பட எஃப்.டி.ஏ. விதிகள் எல்லாம் போயின. ஆனால் நாடு வெறுமையாகிவிடவில்லை. சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் மாநிலச் சட்டங்கள் இருந்தன. மாநிலங்கள் தொடுத்த வழக்குகளின் விளைவாக 46 மாநிலங்களும் நான்கு பெரிய நிறுவனங்களும் 1998 நவம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தம் 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலரை மாநிலங்களுக்குக் கொடுக்கச் செய்ததோடு, விளம்பரப் பலகைகளையும் அகற்றியது. புகையிலை வரியும் மூடிய இடங்களில் புகைக்கத் தடையும் பரவின. புகைக்கும் பெரியவர்களின் விகிதம் 1965-இல் சுமார் 42 சதவீதமாக இருந்து 2021-இல் 11.5 சதவீதமாகக் குறைந்ததில் இவற்றுக்கெல்லாம் பங்குண்டு.

காங்கிரஸ் விடையளிக்க ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 2009 ஜூன் 22 அன்று அதிபர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் எஃப்.டி.ஏ.க்கு நேரடியான அதிகாரத்தைத் தந்தது. செலவுக்கான பணத்தை நிறுவனங்களே கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்றது. மருந்துச் சட்டத்தின் ‘பாதுகாப்பானது, பயனுள்ளது’ என்ற அளவுகோலைச் சிகரெட்டுக்குப் பொருத்த முடியாது என்பதை உணர்ந்து, ‘பொதுச் சுகாதாரத்தைக் காக்கப் பொருத்தமானது’ என்ற புதிய அளவுகோலை வகுத்தது. ஓ’கானர் சுட்டிய முரண்பாட்டுக்குச் சட்டம் எழுதியவர்கள் நேராகவே பதில் சொன்னார்கள்: சிகரெட் என்ற வகையையே முழுவதும் தடை செய்யும் அதிகாரமும் நிகோடினைப் பூச்சியமாக்கும் அதிகாரமும் எஃப்.டி.ஏ.க்கு இல்லை என்று எழுதிவைத்தார்கள்.

இந்தச் சட்டத்தில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த பிரிவு வேறொன்று. 1996 விதிகளைச் சில மாற்றங்களோடு மீண்டும் வெளியிட வேண்டும் என்று காங்கிரஸ் அதில் கட்டளையிட்டது. எஃப்.டி.ஏ. அவற்றை 2010 மார்ச்சில் வெளியிட்டது. அவ்வாண்டு ஜூன் 22 அன்று அவை நடைமுறைக்கு வந்தன. அதே 18 வயது, அதே 27 வயது அட்டை, ஏறத்தாழ அதே சொற்கள். 1996-இல் பத்து வயதில் இருந்த ஒரு பிள்ளைக்கு 2010-இல் இருபத்து நான்கு வயது. அந்த விதி யாரைக் காக்க எழுதப்பட்டதோ அந்தத் தலைமுறை அதன் பாதுகாப்பு இல்லாமலே வளர்ந்து முடித்திருந்தது.

இழப்பு அதோடு நிற்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் சந்தைக்கு வந்த மின் சிகரெட்டுகளை மருந்துச் சாதனங்களாகக் கருதி எஃப்.டி.ஏ. தடுக்க முயன்றபோது, 2010 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பையே காட்டி, சிகிச்சைக்கானது என்று விற்கப்படாதவரை அவற்றைப் புகையிலைச் சட்டத்தின்கீழ்தான் கையாள முடியும் என்றது. அந்தச் சட்டத்துக்குள் மின் சிகரெட்டைக் கொண்டுவரும் விதி 2016 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. ஜூல் என்ற மின் சிகரெட் அதற்கு முந்தைய ஆண்டே கடைகளுக்கு வந்துவிட்டது. 2019-இல் உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் மின் சிகரெட் பயன்படுத்துவதாகக் கூட்டாட்சி அரசின் ஆய்வு சொன்னது. அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரஸ் விற்பனை வயதை 21 ஆக உயர்த்தியது. அந்த ஒரு வரியை எழுத நீதிமன்றமோ நீண்ட விதியாக்கமோ தேவைப்படவில்லை.

கல்விக்கடன்: கடன் தீர்க்கக் கிடைத்த பழைய சட்டம்

அமெரிக்காவின் கூட்டாட்சிக் கல்விக்கடன் நிலுவை சுமார் 1.6 இலட்சம் கோடி டாலர். கடன் கொடுப்பவர் பெரும்பாலும் அரசே, வங்கி அல்ல. (மாணவர் விசாவில் இந்தியாவிலிருந்து சென்று படிப்பவர்களுக்கு இந்தக் கடன் கிடைக்காது. அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளைத்தான் இது தொடும்.) 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது தவணையும் வட்டியும் நிறுத்தப்பட்டன. காங்கிரஸ் அவ்வாண்டு செப்டம்பர் வரை அந்த நிறுத்தத்தைச் சட்டமாக்கியது. அதன்பின் டிரம்ப் நிர்வாகமும் பைடன் நிர்வாகமும் தங்கள் அதிகாரத்தைக் கொண்டே அதை நீட்டித்துக்கொண்டு போயின.

அந்த அதிகாரத்துக்கு அவர்கள் காட்டிய சட்டம் 2003-ஆம் ஆண்டின் ‘ஹீரோஸ்’ சட்டம். ஈராக் போருக்கு அழைக்கப்பட்ட வீரர்கள் படிப்பை விட்டுப் போகும்போது கடன் விதிகளால் நசுங்கக் கூடாது என்பதற்காக இயற்றப்பட்டது. போரோ தேசிய நெருக்கடியோ ஏற்படும்போது, அதனால் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கடன் தொடர்பாக முன்னிலும் மோசமான நிலைக்குத் தள்ளப்படாதிருக்க, கல்விச் செயலர் எந்தச் சட்டப் பிரிவையும் விதியையும் ‘தளர்த்தலாம் அல்லது திருத்தலாம்’ என்கிறது அது. நெருக்கடி என்ற சொல் போர்க்களத்துக்கு அப்பாலும் நீள்கிறது. சட்டம் எழுதியவர்கள் அதைத் தெரிந்தே சேர்த்தார்கள்.

2022 ஆகஸ்ட் 24 அன்று பைடன் அறிவித்த திட்டம் இந்தச் சொற்களின் மேல் நின்றது. ஆண்டு வருமானம் தனிநபருக்கு 1,25,000 டாலருக்கும் தம்பதியருக்கு 2,50,000 டாலருக்கும் குறைவாக இருந்தால் 10,000 டாலர் வரை கடன் தள்ளுபடி. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 டாலர் வரை. தகுதியுள்ளவர்கள் சுமார் 4.3 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ 2 கோடிப் பேரின் கடன் முழுமையாகத் தீர்ந்துவிடும் என்று கணக்கிடப்பட்டது. செலவு சுமார் 40,000 கோடி டாலர் என்றது காங்கிரஸின் நிதிநிலை அலுவலகம்.

விண்ணப்பம் 2022 அக்டோபரில் திறந்தது. அமெரிக்க அரசுப் படிவங்களை நிரப்பிப் பழகியவர்கள் நம்ப முடியாத அளவுக்கு அது எளிமை: பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண், தொலைபேசி, மின்னஞ்சல், வருமான வரம்புக்குள் இருப்பதாக உறுதியளித்து ஒரு பெட்டியில் குறியிட வேண்டும். ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். சோதனைக்காகத் திறந்த முதல் வார இறுதியிலேயே 80 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். நவம்பருக்குள் 2.6 கோடிப் பேர் விவரங்களைக் கொடுத்துவிட்டார்கள், 1.6 கோடிப் பேருக்கு ஒப்புதலும் ஆகிவிட்டது. அதற்குள் டெக்சாஸ் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றமும் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் திட்டத்தை நிறுத்திவிட்டன. ஆகவே கடனாளிகளுக்குக் கல்வித்துறையிலிருந்து வந்த மின்னஞ்சல், உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, ஆனால் வழக்குகள் காரணமாக இப்போது கடனை நீக்க இயலவில்லை என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் சொல்லியது. அந்த ஒப்புதலை நம்பி எத்தனை குடும்பங்கள் வாடகையையும் பிள்ளைப்பேற்றையும் திட்டமிட்டிருக்கும் என்பதை நினைக்கும்போது, சட்ட அடிப்படை உறுதியாகாத ஒரு திட்டத்துக்கு இவ்வளவு எளிதான படிவத்தை நீட்டியது சரிதானா என்ற கேள்வி எழுகிறது. என் கருத்தில், படிவத்தைத் திறப்பதற்கு முன்பே அது நிற்காமல் போகலாம் என்று அதிபரே கடனாளிகளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஏனெனில் எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. டிரம்ப் ஆட்சியின் இறுதி நாட்களில், 2021 ஜனவரியில், கல்வித்துறையின் சட்ட ஆலோசகர் அலுவலகமே இத்தகைய பொதுத் தள்ளுபடிக்கு அதிகாரமில்லை என்று எழுதியிருந்தது. சபாநாயகர் நான்சி பெலோசியும் அவ்வாண்டு ஜூலையில், கடனை ஒத்திவைக்கலாமே தவிர நீக்கும் அதிகாரம் அதிபருக்கு இல்லை, அது காங்கிரஸின் செயலாகவே இருக்க வேண்டும் என்றார். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தம் தீர்ப்பில் அந்தப் பேச்சை எடுத்துக்காட்டினார்.

‘பைடன் எதிர் நெப்ராஸ்கா’

ஆறு மாநிலங்கள் தொடுத்த இந்த வழக்கில், முதலில் அவற்றுக்கு வழக்காடும் தகுதி உண்டா என்பதே பெரிய தடையாக இருந்தது. யாருக்கோ கடன் நீங்குவதால் ஒரு மாநிலத்துக்கு என்ன நட்டம்? மிசூரி மாநிலம் உருவாக்கிய மோஹெலா என்ற கடன் சேவை நிறுவனம், கணக்குகள் மூடப்படுவதால் ஆண்டுக்கு சுமார் 4.4 கோடி டாலர் கட்டணத்தை இழக்கும். அது மிசூரியின் இழப்பே என்று பெரும்பான்மை ஏற்றது. மோஹெலா தானே வழக்குத் தொடுக்கச் சட்டப்படி தடையில்லை, அது தொடுக்கவில்லை. நீதிபதி எலெனா கேகன் தம் மாறுபட்ட தீர்ப்பில் இதைக் கடுமையாகச் சாடினார். சோனியா சோட்டோமேயரும் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சனும் அவரோடு இணைந்தனர். இந்த இடத்தில் கேகனின் வாதமே எனக்குச் சரியாகப் படுகிறது. அதிகார எல்லையைக் காக்கும் ஒரு நீதிமன்றம் தன் எல்லையையும் அதே கண்டிப்போடு அளந்திருக்க வேண்டும்.

அதிகாரம் பற்றிய பகுதியில், ‘திருத்தலாம்’ என்பது சிறு மாற்றத்தையே குறிக்கும் என்றார் ராபர்ட்ஸ். சட்டத்தில் குறிப்பிட்ட சில காரணங்களுக்கு மட்டுமே கடனை நீக்க வழியிருக்க, அவற்றின் இடத்தில் முற்றிலும் புதிய ஏற்பாட்டை வைப்பது, பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் நிலையைத் ‘திருத்தியது’ என்று சொல்வதற்கு ஒப்பாகும் என்று பழைய தீர்ப்பொன்றின் சொற்களை எடுத்தாண்டார். சொற்பொருள் ஆய்வு அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவர் அடுத்த படிக்கும் போனார்: 40,000 கோடி டாலர் என்ற பேரளவு, ஹீரோஸ் சட்டம் இதுவரை இப்படிப் பயன்படுத்தப்படாத வரலாறு ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்து, காங்கிரஸின் தெளிவான அனுமதி தேவை என்றார். அந்த அளவுகோலின் சொற்கள் ஓ’கானரின் தீர்ப்பிலிருந்து, 2022-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு எதிராக மேற்கு வர்ஜீனியா வென்ற வழக்கின் வழியே வந்து சேர்ந்தவை. நீதிபதி ஏமி கோனி பேரட் தனியாக எழுதிய ஒப்புதல் தீர்ப்பில், இக்கோட்பாடு சட்டத்தின்மேல் வெளியிலிருந்து சுமத்தப்படும் சுமையல்ல, சூழலோடு சேர்த்துச் சொற்களைப் படிக்கும் முறையே என்று விளக்க முற்பட்டபோது அவருக்கும் அந்தப் புகையிலை வழக்கு கைகொடுத்தது.

இரு வழக்குகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு; அது தீர்ப்பில் போதிய கவனம் பெறவில்லை என்று நினைக்கிறேன். மருந்துச் சட்டத்தில் அந்த வழக்கின்போது சிகரெட் என்ற சொல்லே இருக்கவில்லை; 1938-இல் எழுதியவர்கள் அதை மனத்தில் கொண்டதற்குச் சான்றும் இல்லை. ஹீரோஸ் சட்டமோ கல்விக்கடனுக்காகவே, நெருக்கடிக் காலத்துக்காகவே, கல்விச் செயலருக்காகவே எழுதப்பட்டது. அதன் மூன்று எல்லைகளுக்குள்ளும் இந்தத் திட்டம் இருந்தது. மீறியது அளவில் மட்டுமே. நெருக்கடிச் சட்டம் என்பது எழுதும்போது கண்ணுக்குத் தெரியாத பேரிடருக்காக எழுதப்படுவது. பேரிடர் பெரிதாக வந்துவிட்டது என்பதையே காரணமாக்கி அதன் சொற்களைச் சுருக்கினால், அத்தகைய சட்டத்தை எழுதிப் பயனில்லை. மறுபக்கம், 2022 ஆகஸ்டில் பெருந்தொற்றின் உச்சம் கடந்துவிட்டிருந்தது என்பதையும், 1,20,000 டாலர் சம்பளம் வாங்கும் ஒருவர் கொரோனாவால் தம் கடன் தொடர்பாக எப்படி மோசமான நிலைக்கு வந்தார் என்பதற்கு அரசின் விடை மெலிந்திருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

சட்டத்தின்மேல் நின்ற நிவாரணம்

தீர்ப்புக்குப் பின்னும் கடன்கள் நீங்கின. 2007-ஆம் ஆண்டின் சட்டம், அரசுப் பணியிலோ தகுதியுள்ள தொண்டு நிறுவனப் பணியிலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணைகள் கட்டியவர்களுக்கு மீதியை நீக்குகிறது. ஆசிரியர்கள், செவிலியர்கள், தீயணைப்பு வீரர்கள் இதில் அடக்கம். எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும், முதல் தொகுதியினர் 2017-இல் தகுதி பெற்றபோது ஏறத்தாழ 99 சதவீத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. தவறான தவணைத் திட்டத்தில் இருந்தீர்கள், தவறான வகைக் கடன் உங்களுடையது என்று பத்தாண்டு கட்டிய பிறகு சொல்லப்பட்டது. கடன் சேவை நிறுவனங்கள் முன்பே சரியாக வழிகாட்டியிருந்தால் இது நேர்ந்திராது. பைடன் நிர்வாகம் 2021 அக்டோபரில் இந்த விதிகளை ஓராண்டுக்குத் தளர்த்திப் பழைய தவணைகளைக் கணக்கில் சேர்த்தது. அதுவரை ஏழாயிரம் பேர் அளவில் மட்டுமே பயன்பெற்றிருந்த திட்டத்தில், அந்த ஆட்சி முடிவதற்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கடன் நீங்கியது.

நிரந்தர ஊனமுற்றோர், ஏமாற்றிய கல்லூரிகளிடம் சிக்கியவர்கள், வருமான அடிப்படைத் திட்டத்தில் நெடுங்காலம் கட்டியவர்கள் என்று சட்டம் பெயர் சொல்லிக் காட்டிய பிரிவினரையும் சேர்த்தால், 2025 ஜனவரிக்குள் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு 18,000 கோடி டாலருக்கும் மேல் கடன் நீக்கப்பட்டது. ரத்தான திட்டத்தின் மொத்தச் செலவில் பாதியை நெருங்கும் தொகை இது. ஆனால் மேடையில் அறிவிக்கப்பட்ட பெருந்திட்டம் பெற்ற கவனத்தில் சிறு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

சட்டச் சொற்கள் சற்றே தளர்ந்த இடத்தில் இன்னொரு திட்டம் விழுந்தது. வருமானத்துக்கேற்பத் தவணை வகுக்க 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் அதிகாரத்தைக் கொண்டு, 2023 ஜூலையில் ‘சேவ்’ திட்டம் உருவாக்கப்பட்டது. சுமார் 80 இலட்சம் பேர் சேர்ந்தனர். 2024 ஜூலையில் எட்டாவது வட்ட நீதிமன்றம் அதை நிறுத்தியது. சேர்ந்தவர்களின் தவணை நின்றது. ஆனால் அந்த மாதங்கள் அரசுப் பணியாளர்களின் 120 மாதக் கணக்கில் சேரவில்லை. 2025 ஆகஸ்ட் 1 முதல் வட்டியும் ஓடத் தொடங்கியது. தவறு எதுவும் செய்யாத ஒருவர், அரசு திறந்துவைத்த கதவில் நுழைந்ததற்காகவே காலத்தையும் பணத்தையும் இழந்தார்.

காங்கிரஸ் பேசியபோது

புகையிலை வழக்குக்குப்பின் காங்கிரஸ் எஃப்.டி.ஏ.யின் பக்கம் பேசியது. கல்விக்கடனில் அது எதிர்த்திசையில் பேசியது. செனட்டில் துணை அதிபரின் வாக்கால் 51-க்கு 50 என்று நிறைவேறி, 2025 ஜூலை 4 அன்று அதிபர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் ‘சேவ்’ உள்ளிட்ட மூன்று திட்டங்களை 2028 ஜூலை 1-க்குள் முடித்துவைக்கிறது. 2026 ஜூலை முதல் வரும் புதிய வருமான அடிப்படைத் திட்டத்தில் மீதிக் கடன் நீங்க 30 ஆண்டுகள் கட்ட வேண்டும். முந்தைய திட்டங்களில் அது பெரும்பாலும் 20 அல்லது 25 ஆண்டு. மிகக் குறைந்த வருமானம் உள்ளவரும் மாதம் 10 டாலராவது கட்ட வேண்டும். தெளிவான சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தெளிவான சட்டம் கிடைத்தது. கடனாளிக்கு அது முன்னதைவிடக் கடினம்.

புகையிலைப் பக்கத்திலும் தெளிவான அதிகாரம் இருந்தும் வேலை நடக்காத இடம் ஒன்று உண்டு. 2009 சட்டம் பழ, இனிப்புச் சுவைச் சிகரெட்டுகளை நீக்கியபோது மென்தால் என்ற புதினாக் குளிர்ச்சிச் சுவையை மட்டும் விட்டுவைத்து, முடிவை எஃப்.டி.ஏ.யிடம் ஒப்படைத்தது. கறுப்பினப் புகைப்பாளர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் மென்தாலையே புகைக்கிறார்கள். அதை அகற்றுவது பொதுச் சுகாதாரத்துக்கு நல்லது என்று எஃப்.டி.ஏ.யின் அறிவியல் ஆலோசனைக் குழு 2011-இலேயே சொல்லிவிட்டது. தடைக்கான முன்வரைவு 2022 ஏப்ரலில்தான் வந்தது. 2023 அக்டோபரில் வெள்ளை மாளிகையின் பரிசீலனைக்குப் போனது. தேர்தல் ஆண்டான 2024-இன் ஏப்ரலில் மேலும் காலம் தேவை என்று ஒதுக்கிவைக்கப்பட்டது. புதிய ஆட்சி பொறுப்பேற்ற மறுநாள், 2025 ஜனவரி 21 அன்று, திரும்பப் பெறப்பட்டது. முன்வரைவு வந்தபின் நேர்ந்த இந்தத் தாமதத்துக்கு எந்த நீதிமன்றமும் காரணமல்ல. மாசசூசெட்ஸ் 2020-இலும் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்புக்குப்பின் 2022 டிசம்பரிலும் தாங்களே தடை செய்துகொண்டன. பைடன் கடன் விஷயத்தில் இல்லாத அதிகாரத்தை எட்டிப்பிடிக்க முயன்ற அதே ஆண்டுகளில், மென்தால் விஷயத்தில் கையிலிருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை. அவரது ஆட்சியின் மீது எனக்குள்ள மிகப் பெரிய குறை இதுதான்.

ஆயினும் அதிகாரம் அங்கேயே இருக்கிறது. சுவையூட்டப்பட்ட மின் சிகரெட் திரவங்களுக்கு அனுமதி மறுத்த எஃப்.டி.ஏ. தன் நிலைப்பாட்டை நியாயமின்றி மாற்றிக்கொண்டது என்ற வாதத்தை, 2025 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நிராகரித்தார்கள். சட்டத்தின் பொருளை நீதிமன்றங்கள் தாங்களே தீர்மானிக்க வேண்டும், நிர்வாகத்தின் விளக்கத்துக்கு விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்று 2024 ஜூனில் அறிவித்த அதே நீதிமன்றம் அது. மென்தால் விதியை இனி வரும் எந்த நிர்வாகமும் மீண்டும் எடுத்து, 2009 சட்டத்தின் பலத்தோடு முன்னெடுக்க முடியும்.

பொதுக் கடன் தள்ளுபடிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. எஞ்சியிருப்பது 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தில், கடன் உரிமைகளைச் சமரசம் செய்யவும் தளர்த்தவும் விடுவிக்கவும் கல்விச் செயலருக்கு இடம் தரும் ஒரு வாக்கியம். நெப்ராஸ்கா தீர்ப்பு வந்த அன்றே பைடன் இந்த வாக்கியத்தை நாடப்போவதாக அறிவித்தார். 2024 ஏப்ரலில் முன்வரைவு வந்தது, இலையுதிர்காலத்தில் மிசூரி நீதிமன்றம் தடுத்தது, டிசம்பர் 20 அன்று நிர்வாகமே திரும்பப் பெற்றது. அந்த வாக்கியத்தின் எல்லை எதுவென்று உச்ச நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை. யாருக்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்பதைக் காங்கிரஸ் அதில் எழுதிச் சேர்க்காதவரை, அதை நம்பி அடுத்த படிவத்தைத் திறக்கும் எந்த அதிபரும் கடனாளிகளை 2022 நவம்பரின் அந்த மின்னஞ்சலுக்கே மீண்டும் அழைத்துச் செல்ல நேரிடும்.